மூட்டைக்கு மூட்டை அளந்த கதை



பாடுபட்டு விளைவித்து, அறுத்து, மூட்டை கட்டி வைத்த பிறகு, 'இந்த அரிசியைச் சாப்பிடலாமா?' என்று ஊரே சந்தேகப்பட்டால் எப்படி இருக்கும்? ஜப்பானில் புகுஷிமா விவசாயிகளுக்கு அந்த நிலை வந்தது.

2011 மார்ச் 11-ல் பூகம்பமும் சுனாமியும் அங்குள்ள அணுமின் நிலையத்தைச் சீர்குலைத்தன. வெளியேறிய கதிரியக்கப் பொருள்கள் காற்றில் பரவி, மழையோடு வயலிலும் காட்டிலும் இறங்கின. அவற்றில் அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகிவிடும். சில மாதத்தில் ஓய்ந்துவிடும். சீசியம்-137 அப்படியில்லீங்க. அது பாதியாகவே 30 வருஷம் ஆகும்.

அந்த அறுவடையில் அங்கங்கே மாதிரி எடுத்துச் சோதித்து, அக்டோபரில் 'அரிசி பத்திரமானது' என்று மாநில நிர்வாகம் அறிவித்தது. நவம்பரில் என்ன ஆச்சு? ஒனாமி என்ற பகுதியில் ஒரு விவசாயி தம் அரிசியைக் கூட்டுறவுச் சங்கத்தில் சோதிக்கக் கொடுத்தார். கிலோவுக்கு 630 பெக்கரெல் சீசியம் இருந்தது. அப்போதைய வரம்பு 500. பெக்கரெல் என்றால் என்ன? வினாடிக்கு ஓர் அணு சிதைந்தால் அது ஒரு பெக்கரெல். அவ்வளவுதான்.

அந்தப் பகுதி அரிசியை வெளியே அனுப்பத் தடை வந்தது. சுத்தமான அரிசியையும் மக்கள் வாங்கத் தயங்கினார்கள். ஒரு வயலைப் பார்த்து மறு வயலைச் சொல்ல முடியாது என்பது அப்போதுதான் புரிந்தது.

2012-ல் வரம்பை 100 பெக்கரெலாகக் குறைத்தார்கள். அந்த அறுவடை முதல், 30 கிலோ மூட்டை ஒவ்வொன்றையும் அளந்தார்கள். சுமார் 200 கருவிகள். ஓடும் பட்டையில் மூட்டையை வைத்தால் சில வினாடியில் முடிவு தெரியும். தேறிய மூட்டைக்குச் சீட்டு ஒட்டுவார்கள். சந்தேகமானதை நுட்பமான கருவியில் மறுபடி அளப்பார்கள். முதல் வருஷம் ஒரு கோடிக்கும் மேற்பட்ட மூட்டைகளில் வரம்பு மீறியவை 71. 2013-ல் 28. 2014-ல் 2. 2015 முதல் ஒன்றுகூட இல்லை.

அளந்தால் மட்டும் குறையுமா? குறையாது. வயலிலும் வேலை நடந்தது. சீசியமும் சாம்பல் சத்தும் பங்காளிகள் மாதிரி; வேருக்கு வித்தியாசம் சரியாகத் தெரியாது. மண்ணில் சாம்பல் சத்து குறைந்தால் பயிர் சீசியத்தையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். அதனால் 100 கிராம் மண்ணில் 25 மில்லிகிராம் சாம்பல் சத்தாவது இருக்கும்படி மண்ணைச் சோதித்துப் பொட்டாஷ் உரம் இட்டார்கள். அதற்குப் பலன் இருந்தது.

இதைக் கேட்டுக் கதிரியக்கம் என்றாலே பயந்துவிட வேண்டாம். சாம்பல் சத்திலேயே இயற்கையாகக் கொஞ்சம் கதிரியக்கம் உண்டு. நம் ஒவ்வொருவர் உடம்பிலும் அதனால் சுமார் 4,000 பெக்கரெல் இருக்கிறது. இருக்கிறதா என்பதைவிட, எது, எவ்வளவு என்பதே கேள்வி. அதை அளந்துதான் சொல்ல முடியும்.

2020 அறுவடை முதல் பெரும்பாலான ஊர்களில் மீண்டும் மாதிரிச் சோதனைக்கு மாறினார்கள். ஐந்து அறுவடை தொடர்ந்து சுத்தமாக வந்த பிறகுதான் அந்தத் துணிச்சல் வந்தது. வாய்ச்சொல்லால் போன நம்பிக்கையை, மூட்டைக்கு மூட்டை ஒட்டிய சீட்டுதான் மீட்டுக் கொடுத்தது.