ஒற்றைப் பலகைக் கணினி வாங்குவோர்க்கு

கணினி என்றதும் மேசையை நிறைத்து நிற்கும் பெட்டியையே பலரும் எண்ணுவர். செயலியும் நினைவகமும் இணைப்பு வாயில்களும் ஒரே சுற்றுப்பலகையில் அமைந்த கணினிகளும் உள. உள்ளங்கையில் அடங்கும் இவை ஒற்றைப் பலகைக் கணினிகள் எனப்படும். இவற்றுட் பெயர்பெற்றது இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலே தோன்றிய றாஸ்பெரி பை. மாணவர் அச்சமின்றிக் கையாண்டு நிரல் எழுதப் பழகுதற்கு மலிவான கணினி வேண்டும் என்னும் நோக்கோடு, 2012 பெப்ரவரியில் 35 டொலர் விலையில் அது விற்பனைக்கு வந்தது.

அந்த விலையே வாங்குவோரை மயக்குவதும் ஆகும். அது பலகைக்கு மட்டுமே உரிய விலை. மின்வழங்கி, நினைவட்டை, உறை, விசைப்பலகை, திரை என்பன வேறாக வாங்கப்பட வேண்டியவை. நான்காம் பைக்கு 5 வோல்ற்று 3 அம்பியர் தரும் மின்வழங்கி தேவை. 2023 இல் வெளிவந்த ஐந்தாம் பைக்கு 5 அம்பியர் தருவது விதிக்கப்பட்டுள்ளது. கைத்தொலைபேசியின் பழைய மின்னேற்றியைப் பொருத்தினால், திரையில் மின்னற் குறி தோன்றும். கணினி தளர்ந்து இயங்கும். பலகையிற் பழுதென்று பலர் கருதுவது இதனையே.

இலங்கையில் விலை டொலரோடு ஏறியிறங்குவது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 350 ரூபாவைக் கடந்தது. வெளிநாட்டிலிருந்து அஞ்சலில் வருவிப்போர் அஞ்சற் செலவையும் சுங்கத் தீர்வையையும் காத்திருக்கும் நாட்களையும் கூட்டிப் பார்த்தல் வேண்டும். பம்பலப்பிட்டியிலும் புறக்கோட்டை முதலாங் குறுக்குத் தெருவிலும் உள்ள கடைகளிற் சற்று மிகுதியாகக் கொடுக்க நேர்ந்தாலும், பொருளைக் கண்முன்னே இயக்கிப் பார்க்கலாம். பழுதாயின் திருப்பிக் கொடுக்கலாம். ஆனால், உத்தரவாதம் வாய்ச்சொல்லாக நில்லாது பற்றுச்சீட்டில் எழுதப்பட வேண்டும். நினைவட்டையிலும் கவனம் வேண்டும். மேலே 64 கிகாபைற்று என்று அச்சிட்டு, உள்ளே அதிற் சிறு பங்கே கொண்ட போலிகளும் சந்தையில் உள.

இனி, எதனை வாங்குவது? செய்யவேண்டிய வேலையே இதற்கு விடை கூறும். பாடசாலைத் தோட்டத்தில் வெப்பநிலையையும் மண்ணின் ஈரத்தையும் அளப்பதற்கு முழுக் கணினி தேவையில்லை. 2021 இல் 4 டொலருக்கு வந்த பைக்கோ என்னும் நுண்கட்டுப்படுத்தி போதும். இடமும் மின்னும் குறைவாக வேண்டிய வேலைக்கு ஸீரோ 2 டபிள்யூ ஏற்றது; எனினும், அதன் சிறு வாயில்களுக்கு மாற்றிணைப்பிகள் தேவைப்படும். எழுதவும் படிக்கவும் நிரல் பழகவும் நான்காம் பையோ ஐந்தாம் பையோ தகும். பின்னையது விரைவு மிக்கது. கடும் வேலையில் வெப்பம் மிகுவதால் விசிறியும் வேண்டுவது.

சீனாவில் உருவாகும் ஒறேஞ்ச் பை போன்றவை அதே விலைக்குக் கூடிய நினைவகம் தருவதுண்டு. ஆயினும், பலகையின் வலிமை வேறு, அதனை இயக்கும் மென்பொருளின் பராமரிப்பு வேறு. 2012 இல் வந்த றாஸ்பெரி பைக்குப் பத்தாண்டு கடந்த பின்னரும் புதிய இயங்குதளம் கிடைத்தது. ஐயம் எழும்போது வழிகாட்டும் நூல்களும் அதற்கே மிகுதி. தனியே கற்கும் மாணவனுக்கு இத்துணை பெரிது.

பிள்ளையின் வீட்டுப் பாடத்துக்கு மட்டுமே கணினி வேண்டுமாயின், நல்ல நிலையிலுள்ள பழைய அலுவலகக் கணினி சிக்கனமானதாக அமையக்கூடும். அதை மறைத்துப் பலகையை விற்பவர் நல்ல வணிகர் அல்லர்.

ஆகவே, வாங்கப் புறப்படுமுன் ஒரு தாளில் முதலில் வேலையை எழுதுக. அடுத்து அதற்குத் தேவையான உறுப்புகள் யாவற்றையும் எழுதுக. இறுதியில் விலைகளைக் கூட்டுக. அந்தக் கூட்டுத்தொகையே கணினியின் உண்மை விலை. இவ்வாறு தேர்ந்து வாங்கிய எளிய பலகை நாள்தோறும் உழைக்கும். வேகத்தை மட்டும் எண்ணி வாங்கிய பெரும் பலகையோ அலுமாரியில் தூசி படியக் கிடக்கும்.