வாங்க ஒரு நாள், பேண ஓராயிரம் நாள்

(யூபிலி ஆண்டுத் தயாரிப்புக்காகக் கூடிய பங்குக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலியின் நினைவாக எதைச் செய்யலாம் என்று கேட்டபோது, நுழைவு வளைவு, மணிக்கூண்டு, மண்டபம் என்று பலரும் பலவிதமாகச் சொன்னீர்கள். இளைஞர்கள் மட்டும் வேறொன்றைக் கேட்டார்கள். கடற்கரையில் ஒரு பழைய ஃபைபர் படகையும் எஞ்சினையும் வாங்கிக் கோயில் வளாகத்தில் நிறுத்துவோம். வெள்ளம் வந்தால் சாதி மதம் பாராமல் எல்லார்க்கும் உதவும் என்றார்கள். "தென்னூரில் படகா!" என்று சிலர் சிரித்தீர்கள். நாம் சிரிக்கவில்லை. ஆனால் உடனே தலையசைக்கவும் இல்லை. ஏன் என்பதை இன்று விளக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

முதலில், அந்த ஆசையில் நியாயம் உண்டு. ஒருபக்கம் காவிரி, அதற்கப்பால் கொள்ளிடம், நம் அருகிலேயே உய்யக்கொண்டான் வாய்க்கால் என்று நீருக்கு நடுவில் வாழ்பவர்கள் நாம். 1977 நவம்பர்ப் புயலில் இந்நகரம் வெள்ளத்தில் தத்தளித்ததைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 2005 நவம்பரிலும் தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்தது. 2018 ஆகஸ்டு 22ஆம் நாள், 1836-இல் கட்டப்பட்ட முக்கொம்பு மேலணையில் கொள்ளிடப் பக்கத்து மதகுகள் ஒன்பது இடிந்து போயின. ஆகவே படகு வேண்டாத ஊர் இது என்று யாரும் சொல்ல முடியாது.

அதே 2018 ஆகஸ்டில்தான் கேரளத்தின் கடலோர மீனவர்கள் உலகம் வியக்கும் காரியம் ஒன்றைச் செய்தார்கள். தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக் கட்டி, கடல் நாற்றமே அறியாத உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டுபோனார்கள். 669 படகுகள், 4,537 மீனவர்கள், காப்பாற்றப்பட்டவர்கள் சுமார் 65,000 பேர் என்பது அந்த அரசு வெளியிட்ட கணக்கு. மதில்களிலும் கதவுகளிலும் மோதிப் பல படகுகளின் அடிப்பாகம் கிழிந்தது. நம் இளைஞர்களின் உள்ளத்தில் இந்த யோசனையை விதைத்தது இந்நிகழ்ச்சியே என்று நினைக்கிறோம்.

ஆனால் அந்தப் படகுகள் அன்று எப்படிப் பயன்பட்டன என்பதைக் கவனியுங்கள். அவை வெள்ளத்துக்கென்று கொட்டகையில் பூட்டி வைத்திருந்த படகுகள் அல்ல. கடலுக்குப் போய்வரும் படகுகள். அவற்றின் எஞ்சினில் எந்த ஆணி தளர்ந்திருக்கிறது என்பது உடையவனுக்குத் தெரியும். நாள்தோறும் உழைக்கும் படகு பழுதைத் தானே சொல்லிவிடும். சும்மா நிற்கும் படகோ பழுதை மறைத்து வைத்திருந்து, ஆபத்து நாளில்தான் காட்டும். இதுதான் நாம் இன்று சொல்ல வந்த செய்தி. பழைய படகை வாங்குவது ஒரு நாள் வேலை. அதற்குச் சொந்தக்காரராக இருப்பது ஆண்டு முழுவதும் செய்ய வேண்டிய வேலை.

விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டறிந்தவற்றைச் சொல்கிறோம். பழைய படகை விலை பேசுமுன் அதன் பின்புறத்தை, அதாவது மீனவர்கள் அமரம் என்று சொல்லும் பகுதியைப் பார்க்க வேண்டும். எஞ்சினைத் தாங்குவது அங்குள்ள பலகைதான். வெளியே ஃபைபர் பளபளக்கும். உள்ளே மரம் உளுத்திருக்கும். திருப்புளியின் பிடியால் தட்டிப் பார்த்தால், நல்ல பலகை கணீரென்னும். ஊறிப்போன பலகை பொத்தென்று ஒலிக்கும். எஞ்சினின் அடியிலுள்ள கியர் ஆயிலைச் சிறிது வடித்துப் பாருங்கள். பால்போல் வெளுத்திருந்தால், சீல் தேய்ந்து தண்ணீர் உள்ளே புகுந்திருக்கிறது என்று பொருள். புதுப் பெயின்டைப் பார்த்துப் பணத்தை எண்ணிக் கொடுப்பவன் பிறகு மெக்கானிக்கிடம் எண்ணிக் கொடுப்பான்.

வாங்கிய பிறகு? படகின் பின்னால் மாட்டி ஓட்டும் இவ்வகை எஞ்சினை அமெரிக்காவில் 1909-இல் விற்பனைக்கு ஏற்றதாகச் செய்து பரப்பியவர் ஓலே எவின்ரூட் என்ற நார்வே நாட்டவர். எளிய எஞ்சின்தான்; ஆனால் அசட்டை செய்தால் பொறுக்காது. கடலிலிருந்து வந்த எஞ்சினை நல்ல தண்ணீரில் ஓட்டிக் கழுவாவிட்டால், உப்பு உள்ளேயே படிந்து நீர்வழிகளை அடைக்கும். அதைக் குளிரவைக்கும் தண்ணீரை ஏற்றுவது ஒரு சிறு ரப்பர் சக்கரம். அது காய்ந்து வெடித்தால் சில நிமிடங்களில் எஞ்சின் கொதித்துவிடும். எஞ்சின் ஓடும்போது பக்கவாட்டில் ஒரு சிறு தாரையாகத் தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வெள்ளத்துச் சேறு அந்த வழியை அடைப்பது எளிது.

பழைய டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பெட்ரோலோடு ஆயிலும் கலக்க வேண்டும். 50 பங்குக்கு 1 பங்கு என்பது பலவற்றில் உள்ள அளவு. குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கூடினால் பிளக்கில் கரி படியும். இக்காலத்துப் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் அது ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் டாங்கியில் கிடந்த பெட்ரோல் கார்புரேட்டரில் பிசினாகிவிடும். ஆகவே எஞ்சினை மாதந்தோறும் ஒரு டிரம் தண்ணீரில் நிறுத்தி ஓட்டி, எரிபொருளை வடித்து, பிளக்கைத் துடைத்து வைக்க ஆள் வேண்டும். கிறிஸ்மஸ் மாதத்திலும், தேர்வு மாதத்திலும், இப்போது ஆர்வமாய் இருக்கும் தம்பி வேலைக்கு வெளியூர் போன பிறகும் வேண்டும்.

இனி இழுத்துச் செல்வது. ட்ரெய்லரில் படகை ஏற்றும்போது எடை சற்று முன்பக்கம், இழுக்கும் வண்டியை நோக்கி இருக்க வேண்டும். எஞ்சினின் பாரத்தால் எடை பின்னுக்குப் போனால், வேகம் கூடும்போது ட்ரெய்லர் பாம்புபோல் நெளிந்து வண்டியையும் சேர்த்துக் கவிழ்க்கும். நாகப்பட்டினத்திலிருந்து இங்கே சுமார் 140 கிலோமீட்டர். அந்த ஒரு பயணத்துக்கே கயிறு, டயர், பேரிங் எல்லாம் பார்த்தாக வேண்டும். சக்கரம் தண்ணீரில் இறங்கினால் பேரிங்கில் கிரீஸ் மறுபடி வைக்க வேண்டும். ஓரிடத்திலேயே நின்றால் டயர் வெடிப்பு விடும். ட்ரெய்லருக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவு வேண்டும். ஆற்றில் ஓடும் எஞ்சின் படகுக்கு 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி பதிவு வேண்டும். தர்ம காரியம் என்பதால் சட்டம் விலகி நிற்காது.

"இவ்வளவு சிரமமா, சாமி?" என்கிறீர்கள். ஆம், சிறியது என்பதால் எளிது என்று எண்ணக்கூடாது. நம் குமரிக் கடற்கரையில், முட்டத்தில், கோட்டாறு சமூக சேவைச் சங்கத்தோடு சேர்ந்து சிறு படகுகளைச் செய்ய உழைத்த பெல்ஜியம் நாட்டவர் பியர் ஜில்லே, தம் அனுபவத்தை 1985-இல் ஒரு நூலாக எழுதினார். 'சிறியதே அழகு' என்று ஷூமாக்கர் 1973-இல் தம் நூலுக்குப் பெயர் வைத்திருந்தார். ஜில்லேயோ தம் நூலுக்கு 'சிறியது கடினம்' என்று பொருள்படும் பெயரை வைத்தார். அலையடிக்கும் கரையில் இறங்கி ஏறத்தக்க ஒட்டுப்பலகைப் படகை உருவாக்கி, அது மக்கள் கையில் நிலைக்கப் பட்டபாட்டை உணர்ந்தவர் வைத்த பெயர் அது.

ஆண்டவர் தம் சீடரை அழைத்த இடத்தையும் நினைத்துப் பாருங்கள். செபதேயுவின் மக்கள் அப்போது வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார்கள். மீன்பிடிக்கும் நேரத்தைப் போலவே செப்பனிடும் நேரமும் அந்தத் தொழிலில் பாதி. அந்தப் பாதியைச் செய்யாதவனுக்கு மற்றப் பாதி கைகூடாது.

ஆகவே நாம் வைக்கும் யோசனை இது. இந்த ஆண்டு படகு வாங்க வேண்டாம். முதலில் நான்கு இளைஞர்கள் கடற்கரைப் பங்கு ஒன்றுக்குப் போய், ஒரு மீனவரிடம் ஒரு மாதம் தங்கி, எஞ்சினைக் கழற்றி மாட்டப் பழகட்டும். நீந்தத் தெரியாதவர் நீந்தக் கற்கட்டும். தீயணைப்பு நிலையத்தாரைக் கண்டு, வெள்ள நாளில் யார் சொற்படி நடப்பது, எங்கே படகை இறக்குவது, எங்கே இறக்கவே கூடாது என்று கேட்டறியட்டும். நீரில் தத்தளிப்பவரைத் தூக்கும்போது விசிறி சுழலக் கூடாது, எஞ்சினை நிறுத்திவிட வேண்டும் என்பதுபோன்ற பாடங்களைக் கரையில் நின்றே படித்துவிட வேண்டும். மிதவைச் சட்டைகளும் கயிறும் இப்போதே வாங்குவோம். அவை படகில்லாமலும் உதவும்.

அடுத்த ஆண்டு இதே கூட்டத்தில், மாதத்துக்கு ஒருவராகப் பன்னிரண்டு பேர், "என் மாதத்தில் எஞ்சினை ஓட்டிப் பார்ப்பது என் பொறுப்பு" என்று பெயர் எழுதிக் கொடுக்கட்டும். அன்றே படகு வாங்க நிதி திரட்டுவோம். முதல் நன்கொடை நம்முடையது. பன்னிரண்டு பெயர் சேராவிட்டால், அந்தப் பணத்தை வெள்ளத்தில் படகு உடைந்த ஒரு மீனவக் குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவோம். அவர் கையில் அது ஓடும் படகாக இருக்கும்.

கூரைமேல் கைக்குழந்தையோடு நிற்கும் தாய் நம் படகை நம்பிக் காத்திருக்கும் நேரத்தில், கயிற்றை எத்தனை முறை இழுத்தும் எஞ்சின் கிளம்பாமல் போனால், அவளுக்கு நாம் என்ன பதில் சொல்வோம்? படகே இல்லையென்றால் அவள் வேறு வழி தேடியிருப்பாள். இதை மனத்தில் வைத்து, கூட்டம் முடிந்ததும் வீட்டில் கலந்து பேசுங்கள். பெயர்ப் பதிவேடு நாளை முதல் பங்கு அலுவலகத்தில் இருக்கும். இறைவன் உங்கள் நல்லெண்ணத்துக்கு நிலைத்த உறுதியைத் தருவாராக.