வாரம் நான்கு குறுஞ்செய்திகள்

மாரடைப்புக்குச் சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவரிடம் ஆஸ்பத்திரியில் கடைசி நாளன்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி அனுப்புகிறார்கள். உப்பைக் குறையுங்கள், காய்கறி பழம் சேர்த்துக்கொள்ளுங்கள், பொரித்தது வேண்டாம், சிகரெட்டைத் தொடாதீர்கள். பயம் இருக்கிற வரைக்கும் அதெல்லாம் நினைவிலும் இருக்கும். உடம்பு தேறி, வேலைக்குப் போய், பசியோடு கடை வாசலில் நிற்கும்போது எடுத்துச் சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லை.

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்தில் இதய மருத்துவர் கிளாரா சௌவும் அவருடைய குழுவினரும் அந்த நேரத்துக்குக் கைபேசியைத் துணைக்கு அழைத்தார்கள். ஆய்வில் இதயநோயாளிகள் 710 பேர். வழக்கமான சிகிச்சை எல்லோருக்கும் உண்டு. பாதிப்பேருக்கு மட்டும் கூடுதலாக வாரம் நான்கு குறுஞ்செய்திகள், ஆறு மாதத்துக்கு. பெயர் சொல்லி அழைத்து, உணவு, நடை, புகை பற்றி ஒன்றிரண்டு வரி. புகைக்காதவருக்குப் புகை பற்றிய செய்தி போகாது. பதில் எழுத வேண்டிய கட்டாயமும் இல்லை.

2015-இல் முடிவுகள் வெளிவந்தன. செய்தி பெற்றவர்களின் கெட்ட கொழுப்பு சராசரியாக 79, மற்றவர்களுக்கு 84. ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 128, மற்றவர்களுக்கு 136. காய்கறி, பழம், மீன் சாப்பிடுவதிலும் உப்பைக் கட்டுப்படுத்துவதிலும் அவர்களே முன்னால் நின்றார்கள். இரண்டு வரிச் செய்திக்கு இது பெரிய பலன். சாதாரண பட்டன் போனே இதற்குப் போதும் என்பதைத் தனியாகச் சொல்லத்தான் வேண்டும்.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்தது வேறு மாதிரி. கடையில் ரொட்டிப் பாக்கெட்டைக் கையில் எடுக்கிறார் நோயாளி. உறையிலுள்ள பார்கோடை ஒரு செயலி வழியாக போன் கேமராவில் காட்டுகிறார். உப்பு அதிகமென்றால் திரையில் சிவப்பு. கீழே, உப்பு குறைந்த வேறு ரொட்டிகளின் பட்டியல். ரொட்டி நாக்குக்குக் கரிப்பதில்லை, அதனால் அதில் உப்பு இருப்பதே பலருக்கு உறைப்பதில்லை. 66 பேரை வைத்து நான்கு வாரம் பார்த்ததில், வீட்டுக்கு வாங்கிய பொருட்களில் உப்பு நன்றாகவே குறைந்தது. ஆனால் சிறுநீரில் வெளியேறும் உப்பிலோ ரத்த அழுத்தத்திலோ மாற்றம் தெரியவில்லை. நான்கு வாரம் குறுகிய காலம். வெளியில் சாப்பிடும் சாப்பாட்டுக்கும் பார்கோடு கிடையாது.

கைபேசி எல்லாவற்றையும் சாதித்துவிடாது. ஆஸ்திரேலியாவிலேயே பிறகு 1,424 பேரை எடுத்துக்கொண்டு, அவர்களில் பாதிப்பேருக்கு ஓராண்டு செய்தி அனுப்பிப் பார்த்தார்கள். மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுவதில் வித்தியாசம் வரவில்லை.

முதல் ஆய்வில் பலர் செய்திகளை அழிக்காமல் வைத்திருந்தார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கும் காட்டினார்கள். உப்பு ஜாடி பெரும்பாலும் நோயாளியின் கையில் இல்லை, சமைப்பவர் கையில் இருக்கிறது. இனி இப்படித் திட்டம் தொடங்குகிறவர்கள் அவருடைய எண்ணையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.