ஒரே காலடி, இரண்டு நிலை

(பழைய மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போனில் கூப்பிட்டு, "ஏதாவது பேசுப்பா, ஆனா கம்பெனி, உற்பத்தி, வேலைவாய்ப்பு எதுவும் வேணாம், அதுக்கு ஏற்கெனவே நாலு பேர் இருக்காங்க" என்றார். அப்போதே எதைப் பேசுவது என்று முடிவு செய்துவிட்டேன். காரணம் உண்டு. போன வருடம் இதே விழாவுக்கு வந்தபோது பேஸ்கட்பால் மைதானத்தின் ஓரமாக டேக்வாண்டோ பயிற்சி நடந்துகொண்டிருந்தது. 1992-ல் நான் வெள்ளை பெல்ட் கட்டிக்கொண்டு நின்ற அதே இடம். நானும் அந்தக் காலத்து ஆள் என்று தெரிந்ததும் ஒரு தம்பி ஓடிவந்து கேட்டார்: "சார், டேக்வாண்டோ, டாங் சூ டோ ரெண்டுல எது சார் ஒரிஜினல் கொரியன்?"

நான் சிரித்து மழுப்பிவிட்டு சாப்பாட்டுப் பந்திக்குப் போய்விட்டேன். பதில் தெரியாமல் இல்லை. அதே கேள்வியை நானே ஒருமுறை, கேள்வியாகக்கூட இல்லாமல் தீர்ப்பாகவே சொல்லி, ஒரு நல்ல மனிதரைப் புண்படுத்தியிருக்கிறேன். அந்தத் தம்பி இந்தக் கூட்டத்தில் இருந்தால் இது அவருக்கு ஒரு வருடம் தாமதமாக வந்த பதில்.

நாங்கள் படித்த 1991-95 காலத்தில் ஒரகடம் என்றால் ஒரு கூட்டு ரோடு, அவ்வளவுதான். வண்டலூர் - வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோயில் - ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம். சுற்றிலும் ஏரி, வயல், கருவேலங்காடு. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் சான்ட்ரோ கார் வெளியே வந்தது. அதன் பின்னாலேயே உதிரிபாகம் செய்யும் கொரியக் கம்பெனிகள் வரிசையாக வந்து இறங்கின. 2010-ல் ரெனோ நிஸ்ஸான் ஒரகடத்திலேயே தொழிற்சாலை திறந்தது. அப்புறம் நடந்ததை நீங்களே பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். கொரிய எழுத்தில் சாப்பாட்டுக்கடை போர்டு வைத்திருப்பதை இன்றைக்கு யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

நான் 2009-ல் அப்படி ஒரு கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் சேர்ந்தேன். எங்கள் துறைத் தலைவர் கொரியாவிலிருந்து வந்தவர், ஐம்பதை நெருங்கியவர். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். அவர்களுக்கும் அந்த வழக்கம் இல்லை, நமக்கும் இல்லை. 'புஜாங்' என்றால் துறைத் தலைவர். அதோடு 'நிம்' சேர்த்தால் நம் 'அவர்கள்' மாதிரி. நம்ம பசங்க அதுவும் போதாதென்று 'புஜாங்நிம் சார்' ஆக்கிவிட்டார்கள்.

ஷிஃப்ட் தொந்தரவால் வாரத்தில் நான்கு நாள் கம்பெனி எடுத்திருந்த வீட்டிலேயே தங்குவேன். அவரும் அதே வீட்டின் மேல்தளத்தில். விடியற்காலை ஐந்தேகாலுக்கு மொட்டை மாடியில் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். தலையை மட்டும் ஆட்டிக்கொள்வோம். நான் செய்தது தேகுக் வரிசை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: எதிராளி இல்லாமல் தடுப்பு, குத்து, உதை எல்லாவற்றையும் வரிசைக்கிரமமாகச் செய்து பழகுவதற்கு டேக்வாண்டோவில் பூம்சே என்று பெயர், டாங் சூ டோவில் ஹ்யூங் என்பார்கள். நமக்கு லேப் மேனுவல் எப்படியோ அப்படி. உலக டேக்வாண்டோ அமைப்பின் வழியில் வருகிறவர்களுக்கு ஆரம்பத்தில் தேகுக் எட்டு. அதில் முதலாவது தேகுக் இல் ஜாங்.

அவர் செய்ததை ஒரு நாள் நின்று பார்த்தேன். இடப்பக்கம் திரும்பிக் கீழ்த்தடுப்பு, ஒரு காலடி முன்னால், வயிற்று உயரத்தில் குத்து. 'அட, இது நம்ம இல் ஜாங் தானே' என்று நினைத்தேன். நான்கைந்து அசைவு தாண்டியதும் இல்லை என்று தெரிந்தது. கராத்தே கற்கும் பையன்கள் செய்யும் ஹெயான் வரிசை அப்படியே இருந்தது. 2011 மார்ச் மாதம் அது. கறுப்பு பெல்ட் வாங்கிய திமிர் வேறு. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்: "புஜாங்நிம், யுவர்ஸ் இஸ் ஜாப்பனீஸ், நோ? கராத்தே. மைன் இஸ் ஒரிஜினல் கொரியன்."

விளையாட்டாகத்தான் சொன்னேன். அவர் அப்படியே நின்றார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "மை கிராண்ட்ஃபாதர், டூ நேம்ஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் மறுநாள் அவர் மாடிக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஷாப்பில் பேசுவார், வேலையைப் பற்றி மட்டும். முதல் பீஸ் சரியா, பர் இருக்கிறதா, டை மாற்ற எத்தனை நிமிடம். முன்பெல்லாம் டீ நேரத்தில் என் பக்கம் ஒரு பிஸ்கட் பொட்டலத்தைத் தள்ளுவார். அது நின்றுபோனது. நண்பர்களே, திட்டு வாங்குவதுகூடச் சுலபம். ஒரு மரியாதையான மனிதர் நம்மிடம் மரியாதையாக மட்டும் நடந்துகொள்ள ஆரம்பித்தால் அதைத் தாங்குவது கஷ்டம்.

பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். இதை முன்பே படித்திருக்க வேண்டும். கொரியாவை ஜப்பான் 1910-லிருந்து 1945 வரை ஆண்டது. கடைசி ஆண்டுகளில் பள்ளிக்கூடங்களில் கொரிய மொழி போயிற்று. 1940-லிருந்து குடும்பப் பெயரையே ஜப்பானியப் பெயராக மாற்றிப் பதியும்படி நெருக்கினார்கள். தாத்தாவுக்கு இரண்டு பெயர் என்று அவர் சொன்னது இதைத்தான்.

அடுத்து டாங் சூ டோ. அதை வளர்த்த ஹ்வாங் கீ 1914-ல் பிறந்தவர், ரயில்வே ஊழியர். 1945-ல் விடுதலை கிடைத்த சில மாதங்களிலேயே மூ டுக் குவான் என்ற பள்ளியைத் தொடங்கினார். ஒகினாவா நாட்டுக் கைச்சண்டையைப் பற்றிய புத்தகங்களிலிருந்து ப்யுங் ஆன் வரிசைகளை எடுத்துக்கொண்டார். அதை மறைக்கவில்லை, எழுதியே வைத்திருக்கிறார். 'டாங் சூ' என்ற பெயரே சீனத்துத் 'தாங்' வம்சத்தின் கை என்று பொருள்படுவது. ஜப்பானியர் 1936-ல் 'வெறுங்கை' என்று எழுத்தை மாற்றிக்கொள்ளும் வரை கராத்தே என்ற பெயரையும் அந்த எழுத்துகளில்தான் எழுதினார்கள். ஒகினாவாவோ 1879 வரை தனி ராஜ்யம். அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்காக இடோசு என்ற ஆசிரியர் நூற்றிருபது வருடங்களுக்கு முன் அமைத்துத் தந்தவைதான் ப்யுங் ஆன் ஐந்தும். (புரூஸ் லீயோடு ரோம் நகரக் கொலோசியத்தில் மோதுவாரே சக் நாரிஸ், அவர் அமெரிக்க விமானப்படையில் இருந்தபோது கொரியாவில் கற்றது இந்த டாங் சூ டோவைத்தான். நம் ஹாஸ்டலில் அவர் கட்சியில் ஒருவர்கூட இருந்ததில்லை.)

சரி, என் கையில் இருந்த 'ஒரிஜினல்' எந்த வருடத்துச் சரக்கு? டேக்வாண்டோ என்ற பெயர் 1955-ல் வந்தது, சோய் ஹோங் ஹி என்ற ராணுவ அதிகாரி முன்வைத்தது. தேகுக் எட்டும் 1970-களின் தொடக்கத்தில் ஒரு குழு உட்கார்ந்து அமைத்தவை. நான் பிறப்பதற்குச் சற்று முன்னால்! அதற்கு முன் அந்தப் பள்ளிகளில் என்ன பழகினார்கள் என்று தேடினால் பெரும்பாலும் இதே ப்யுங் ஆன். என் குருவின் குருவுக்குக் குரு யாரோ, அவரும் புஜாங் செய்ததைத்தான் செய்திருப்பார். நம் நாட்டுக்கு 1970-களில் ஜிம்மி ஜக்தியானி டேக்வாண்டோவைக் கொண்டுவந்த நேரத்தில், நான் ஆதிகாலத்துச் சொத்தென்று நினைத்த தேகுக் இன்னும் மை காயாத புதுசு.

மன்னிப்புக் கேட்க வேண்டும், எப்படிக் கேட்பது? 'சாரி புஜாங்நிம்' என்றால் 'நோ ப்ராப்ளம்' என்பார். அதோடு கதவு மூடிவிடும். அதனால் ஒரு காரியம் செய்தேன். கம்ப்யூட்டரில் வீடியோ பார்த்து ப்யுங் ஆன் சோ தான், அதாவது முதல் வரிசையை, பத்து நாள் நானே பழகினேன். பிறகு ஒரு விடியற்காலை அவர் எழுந்து நடமாடும் சத்தம் கேட்டதும் மாடியில் செய்ய ஆரம்பித்தேன்.

இங்கேதான் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. எனக்கு வரவில்லை. அசைவுகள் மனப்பாடம். ஆனால் உடம்பு கேட்கவில்லை. தேகுக் இல் ஜாங்கில் பெரும்பாலும் நிற்பது நடக்கும்போது ஒரு எட்டு வைத்து நின்ற மாதிரி. முழங்கால் நேராக, உடம்பு நிமிர்ந்து, அடுத்த நொடியே உதைக்கத் தயாராக. உதையும் இரண்டு இருக்கிறது. ப்யுங் ஆன் முதல் வரிசையில் உதையே கிடையாது. முன்கால் நன்றாக மடங்கி, பின்கால் நீண்டு, தரையோடு தரையாக இறங்கி நிற்க வேண்டும். தடுப்பு கையிலிருந்து வருவதில்லை. இடுப்பை முதலில் எதிர்ப்பக்கம் திருகி, பிறகு மொத்தமாகக் கொண்டுவந்து அடிக்க வேண்டும். நான் டேக்வாண்டோ இடுப்பை வைத்துக்கொண்டு டாங் சூ டோ கையை வீசிக்கொண்டிருந்தேன். மெக்கானிகல் நண்பர்களுக்குப் புரியும்படி சொன்னால், டிராயிங் ஒன்றுதான், ஃபிக்சர் வேறு.

வலப்பக்கம் திரும்பித் தடுத்தபின் ஒரு அசைவு வரும். முன்காலைச் சற்று இழுத்து, முஷ்டியை வட்டமாகச் சுழற்றி மேலிருந்து சுத்தியல் மாதிரி இறக்க வேண்டும். தேகுக் இல் ஜாங்கில் இது இல்லை. பிடிபட்ட மணிக்கட்டைப் பிடுங்கி எடுத்து உடனே அடிப்பது என்று சொல்கிறார்கள். அதைச் செய்யும்போது தடுமாறி ஒரு பக்கமாகச் சாய்ந்தேன். படிக்கட்டுப் பக்கம் சிரிப்புச் சத்தம். திரும்பிப் பார்த்தால் புஜாங், கையில் காபித் தம்ளர்.

ஒன்றும் சொல்லவில்லை. தம்ளரைக் கைப்பிடிச் சுவரில் வைத்தார். வந்து என் பின்கால் குதிகாலைத் தன் காலால் தட்டித் தரையில் அழுத்தினார். இரண்டு கையாலும் என் இடுப்பைப் பிடித்து, ஸ்டீயரிங் மாதிரி ஒரு திருப்பு. "ஹானா" என்றார். ஒன்று. நான் தடுத்தேன். "துல்." குத்தினேன். அன்றைக்கு அந்த ஒரு வரிசையை எட்டு முறை செய்ய வைத்தார். பிறகுதான் பேசினார். ப்யுங் ஆன் என்றால் அமைதி, பத்திரம் என்று பொருளாம். "அன்யோங் ஹாசேயோ, யூ நோ? சேம் அன்" என்றார். ஷாப்பில் தினமும் நூறு முறை சொல்லும் வணக்கத்துக்குள் இருக்கும் அதே 'அன்'!

அதற்குப் பின் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே எங்கள் காலை வேலையாகிவிட்டது. ப்யுங் ஆன் முதல் வரிசையில் கால் போகும் தடத்தைத் தரையில் வரைந்தால் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, நடுவில் செங்குத்தாக ஒன்று. சீன எழுத்தில் 'வேலை' என்பதற்கும் அதே வடிவம் என்று சொல்லி, எங்கள் இருவருக்கும் பொருத்தம்தான் என்றார். தேகுக்கில் குறுக்குக் கோடு மூன்று. கொரியக் கொடியின் இடது மேல் மூலையில் மூன்று முழுக்கோடுகள் இருக்கின்றனவே, வானத்தைக் குறிப்பவை, இல் ஜாங்கின் தத்துவம் அதுதான். புதிதாக அமைத்தவர்கள் தங்கள் கொடியின் அடையாளத்தைப் பிள்ளைகளின் காலடியிலேயே வைத்துவிட்டார்கள். ஆனாலும் தொடக்கம் மட்டும் இடப்பக்கம் திரும்பி ஒரு கீழ்த்தடுப்பு, ஒரு குத்து. அதை அவர்கள் மாற்றவில்லை. சோய் ஹோங் ஹியின் பிரிவில் முதல் வரிசையான சோன் ஜியும் அப்படித்தான் ஆரம்பிக்கிறது. அவரும் ஹ்வாங் கீயும் வாழ்நாள் முழுக்க வேறு வேறு திசையில் போனவர்கள். இருவரும் காலமானது 2002-ல், ஒரு மாத இடைவெளியில்.

எது நல்லது என்கிறீர்களா? சண்டைப் போட்டிக்குப் போகிறவருக்கு தேகுக்கின் நிமிர்ந்த நிலை தோதானது. ஐம்பது வயது முழங்காலுக்கும் அதுதான் இதம், என் அனுபவம். ஆனால் குத்தில் எடை எங்கிருந்து வருகிறது என்று எனக்கு விளங்கியது ப்யுங் ஆன் பழகிய பிறகுதான். இருபது வருடம் தோளால் குத்தியிருக்கிறேன். எங்கள் வாட்ச்மேன் பெரியவர், பக்கத்துக் கிராமத்துக்காரர், சின்ன வயதில் சிலம்பம் சுற்றியவர். ஒருநாள் தண்ணீர்த் தொட்டி பார்க்க மேலே வந்தவர் எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "காலடி ஒண்ணுதான் தம்பி. இவரு ஊனி நிக்கிறாரு, நீங்க போற வழியில நிக்கிறீங்க" என்று சொல்லிவிட்டு மோட்டாரை நிறுத்தப் போய்விட்டார். அதை நான் எப்படி மொழிபெயர்த்தாலும் புஜாங்குக்குப் புரியவில்லை. கடைசியில் நடித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

2014-ல் அவர் ஊர் திரும்பினார். கிளம்பும் நாள் காலையிலும் மாடிக்கு வந்தார். நான் ப்யுங் ஆன் செய்தேன். அவர், எனக்குத் தெரியாமல் எப்போது பழகினாரோ, தேகுக் இல் ஜாங் செய்தார். முதல் இரண்டு அசைவும் ஒன்றாகவே போயிற்று. பிறகு அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவருடைய உதை ரொம்ப சுமார். நான் சொல்லவில்லை.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். அந்தத் தம்பி வந்திருந்தால் மேடைக்கு வரட்டும். இந்த மைக்கையும் மேஜையையும் யாராவது கொஞ்சம் ஓரமாக வைத்தால், அவர் இல் ஜாங் செய்யட்டும், பக்கத்தில் நின்று நான் மற்றதைச் செய்கிறேன். முழங்கால் சத்தம் கேட்டால் முன்வரிசையில் இருப்பவர்கள் மட்டும் தயவுசெய்து சிரிக்க வேண்டாம்.