செயலி எவருடையது? செய்தி எவருடையது?



பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு வெளி மாநிலங்களில் வாழும் தமிழர்களுக்குக் கடிதப் போக்குவரத்து என்றுமே உயிர்நாடியாக இருந்துவந்திருக்கிறது. இந்நாட்டில் அஞ்சல் அட்டை 1879-ஆம் ஆண்டில் காலணா விலையில் வெளிவந்தது. அதன் பின் எத்தனையோ தலைமுறைகள் பம்பாயிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் டில்லியிலிருந்தும் கும்பகோணத்துக்கும் திருநெல்வேலிக்கும் எழுதிக் குவித்திருக்கின்றன. அட்டையில் எழுதுவதைத் தபால்காரர் முதல் அடுத்த வீட்டார் வரை எவரும் படிக்கலாம் என்பதை அத்தலைமுறைகள் நன்கு அறிந்திருந்தன. ஆகவே, மணியார்டர் வந்து சேர்ந்ததா, ஊரில் மழை உண்டா என்பன அட்டையில் போயின. பெண்ணுக்கு வந்த வரனைப் பற்றியும் வைத்தியர் சொன்ன நோயைப் பற்றியும் எழுத வேண்டியவை ஒட்டிய உறைக்குள் போயின. எதை எதில் எழுதுவது என்னும் இந்த விவேகத்தை எந்தப் பள்ளிக்கூடமும் கற்பிக்கவில்லை. வாழ்க்கையே கற்பித்தது.

இன்று அட்டையின் இடத்தையும் உறையின் இடத்தையும் கைப்பேசிச் செயலிகள் பிடித்துக்கொண்டன. குடும்பத்தார் அனைவரும் ஒரு குழுவாகச் சேர்ந்து நாள்தோறும் பேசிக்கொள்கிறோம். பேரனின் முதல் நடையைப் பாட்டி ஊரிலிருந்தபடியே காண்கிறாள். ஜாதகமும், இரத்தப் பரிசோதனை முடிவும், வாடகை வீட்டுக்கான ஆதார் நகலும் அதே வழியில்தான் போய்வருகின்றன. இச்செயலிகளுள் பெரும்பாலானவை அயல்நாட்டாருக்கு உரியவை. வாட்ஸ்அப், பேஸ்புக், இன்ஸ்டாகிராம் ஆகிய மூன்றும் மெட்டா என்னும் ஒரே அமெரிக்க நிறுவனத்தின் உடைமை. யூடியூப் மற்றோர் அமெரிக்க நிறுவனமாகிய கூகுளின் உடைமை. இவற்றைக் குறித்து நம் மக்களின் மனப்பான்மை எத்தகையது, அது எவ்வாறு இருப்பது நலம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

அண்மைக் காலத்து நிகழ்ச்சிகள் சிலவற்றை நினைவுகூர்வோம். 2020-ஆம் ஆண்டு ஜூன் 15 அன்று கல்வான் பள்ளத்தாக்கில் நம் வீரர்கள் 20 பேர் உயிர் நீத்தனர். இரண்டு வாரம் கழிந்து, ஜூன் 29 அன்று, டிக்டாக் உள்ளிட்ட 59 சீனச் செயலிகளை மத்திய அரசு தடை செய்தது. நாட்டின் இறையாண்மையும் பாதுகாப்பும், மக்களைப் பற்றிய விவரங்கள் வெளியே செல்வதும் காரணங்களாகக் கூறப்பட்டன. டிக்டாக்கை இந்நாட்டில் சுமார் 20 கோடிப் பேர் பயன்படுத்திவந்ததாக அப்பொழுது மதிப்பிடப்பட்டது. அத்தடையைப் பலரும் வரவேற்றனர். எனினும், அதே ஆண்டு ஜூலையில் இன்ஸ்டாகிராம் நிறுவனமும் செப்டம்பரில் யூடியூப் நிறுவனமும் அதே வகையான குறும்படப் பகுதிகளை இந்நாட்டில் தொடங்கியபொழுது, ரசிகர்கள் அவற்றை நோக்கித் திரண்டார்கள். அயலார் கையில் நம் விவரம் போகலாகாது என்ற கவலை, ஓர் அயலாரை நீக்கி மற்றோர் அயலாரை அமர்த்தியதோடு அடங்கிவிட்டது.

அடுத்தது 2021-ஆம் ஆண்டு ஜனவரி மாதம். வாட்ஸ்அப் நிறுவனம் தன் நிபந்தனைகளை மாற்றி, பிப்ரவரி 8-க்குள் அவற்றை ஏற்க வேண்டும் என்று அறிவித்தது. நாடெங்கும் கலக்கம் உண்டாயிற்று. பலர் சிக்னல் என்னும் வேறொரு செயலிக்கு மாறினர். அதுவும் அமெரிக்காவைச் சேர்ந்ததே. ஆனால் இலாப நோக்கமற்ற ஓர் அமைப்பு நடத்துவது. நிறுவனம் தான் விதித்த கெடுவை மே 15 வரை தள்ளிவைத்தது. கலக்கம் தணிந்தது. மாறிச் சென்றவர்களில் பலர் திரும்பி வந்தனர். ஏனெனில், மாமாவும் அத்தையும் மாறவில்லை; அவர்கள் இருக்கும் இடத்தில்தானே நாமும் இருக்க முடியும்?

2025-ஆம் ஆண்டு செப்டம்பரில் அலை வேறு பக்கம் திரும்பிற்று. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனத்தின் செயலி ஒன்று, ‘அரட்டை’ என்ற தூய தமிழ்ப் பெயரோடு நாடெங்கும் பேசப்பட்டது. டில்லியில் இருக்கும் பிற மொழியினர் அப்பெயரை உச்சரிக்கப் பழகியது நமக்கு மகிழ்ச்சி தந்ததில் வியப்பில்லை. ஆயினும், அனுப்புவோரும் பெறுவோரும் தவிர வேறெவரும் படிக்க இயலாதபடி பூட்டும் முறை, அச்சமயத்தில் அதன் எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. அதனைச் சேர்க்கும் பணி நடைபெறுவதாக நிறுவனமே கூறியது. பெயர் நம்முடையது என்பது ஒரு செய்தி. பூட்டு உண்டா என்பது வேறொரு செய்தி. முன்னதைக் கொண்டாடியவர்களில் பின்னதைக் கேட்டவர் சிலரே.

இம்மனப்பான்மை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. டிக்டாக்கைச் சீன உடைமையிலிருந்து விலக்க அமெரிக்கா 2024 ஏப்ரலில் சட்டம் இயற்றியது. அது நடைமுறைக்கு வரவிருந்த 2025 ஜனவரியில், அந்நாட்டு இளைஞர் பலர் சினங்கொண்டு, வேண்டுமென்றே மற்றொரு சீனச் செயலியில் போய்ச் சேர்ந்தனர். விருப்பும் வெறுப்பும் முன்னே நடக்க, ஆராய்ச்சி பின்தங்கிவிடுவது எங்கும் காணப்படும் இயல்பே.

அப்படியாயின், உடைமையாளர் எந்நாட்டார் என்ற கேள்வி வீணானதா? அன்று. எந்த நிறுவனமும் தன் நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. சீனாவின் 2017-ஆம் ஆண்டு உளவுச் சட்டம், அந்நாட்டு அமைப்புகள் அரசின் உளவுப் பணிக்கு ஒத்துழைக்க வேண்டும் என்கிறது. அமெரிக்கச் சட்டமும், அந்நாட்டுக்கு வெளியே உள்ள பிற நாட்டாரின் செய்திகளைத் தன் உளவுத்துறை அந்நாட்டு நிறுவனங்களிடமிருந்து பெற இடமளிக்கிறது; 2013-இல் எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள் இதனை உலகறியச் செய்தன. ஆகவே அக்கேள்வி நியாயமானதே. ஆனால் அது முதற்கேள்வி மட்டுமே. எதை எடுத்துக்கொள்கிறார்கள், எதற்காக எடுத்துக்கொள்கிறார்கள், நான் அறிந்து கொடுத்தேனா என்னும் கேள்விகள் அதனைத் தொடர வேண்டும்.

இங்கே பலர் ஒரு பழமொழியைச் சொல்வார்கள். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்? மறைப்பதற்கு என்னிடம் என்ன இருக்கிறது? நேர்மையாக வாழ்பவரின் வாயிலிருந்து வரும் சொல்லாதலால் இதனை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால், கைப்பேசி என்னும் மடியில் நம் பொருள் மட்டுமா இருக்கிறது? தொடர்பு எண்களைக் காண அனுமதி கேட்கும் செயலிக்கு நாம் இசைந்தவுடன், இச்செயலிகளையே அறியாத கிராமத்துப் பெரியப்பாவின் எண்ணும், மருத்துவரின் எண்ணும், உடன் பணிபுரியும் பெண்களின் எண்களும் சேர்ந்தே போகின்றன. அவர்களை எவரும் கேட்கவில்லை.

இது வெறும் கற்பனை அச்சமன்று. கேம்பிரிட்ஜ் அனலிடிகா விவகாரம் 2018-இல் வெளிப்பட்டபொழுது, பேஸ்புக் நிறுவனமே ஒரு கணக்கைத் தெரிவித்தது. விவரம் திரட்டிய அந்தச் செயலியை இந்தியாவில் ஏற்றுக்கொண்டவர்கள் 335 பேர். விவரங்கள் வெளியே சென்றிருக்கக்கூடியவர்களோ 5 லட்சத்து 62 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். ஏனையோர் அந்த 335 பேரின் நண்பர்கள் என்ற ஒரே காரணத்தால் அகப்பட்டுக்கொண்டவர்கள். மடியில் கனம் எனக்கில்லை என்று சொல்லுமுன், பிறர் நம்பி வைத்த கனம் அதில் எவ்வளவு என்று எண்ணிப் பார்ப்பது கடமையாகும்.

மேலும், உறைக்குள் இருப்பது பூட்டப்பட்டிருந்தாலும் உறையின் மேலிருப்பது தெரியும் அல்லவா? வாட்ஸ்அப் செய்திகள் 2016 முதல் பூட்டிய உறையிலேயே செல்கின்றன. ஆனால் எவர் எவரோடு, எப்பொழுது, எத்தனை முறை தொடர்பு கொண்டார் என்பது உறையின் மேல் விழும் தபால் முத்திரையைப் போன்றது. முத்திரைகளை மட்டும் வரிசையாக அடுக்கிப் பார்ப்பவர், ஒரு குடும்பத்தின் நடப்பைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.

மொழிபெயர்ப்பையே தொழிலாக உடைய எனக்கு இவ்விஷயத்தில் ஒரு சொல் உறுத்துகிறது. செயலிகள் நம் முன் வைக்கும் பத்திரத்துக்குத் தமிழில் ‘தனியுரிமைக் கொள்கை’ என்று பெயர். ‘கொள்கை’ என்ற சொல் நம் செவிக்கு உயர்ந்த இலட்சியத்தை நினைவூட்டுவது. கொள்கையை எவரும் வரிவரியாகப் படிப்பதில்லை. தலையசைத்துவிட்டு அப்பால் போகிறார்கள். உண்மையில் அது ஓர் ஒப்பந்தம். நாம் கொடுப்பது இன்னது, அவர்கள் எடுப்பது இன்னது என்று எழுதிய பத்திரம். நம் பாட்டனார் காலத்தில் எழுத்தறியாதவர்களும், நிலப் பத்திரத்தைப் பிறர் வாசித்துக் காட்டக் கேட்டு, சரியென்று ஒப்பிய பின்னரே கைநாட்டு வைத்தார்கள். பட்டம் பெற்ற நாமோ, படிக்காமலே ‘ஏற்கிறேன்’ என்ற இடத்தில் விரலை வைக்கிறோம். கைநாட்டு என்ற பெயர் இரண்டில் எதற்குப் பொருந்தும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

படிக்காததற்கு மக்களை மட்டும் குறை சொல்வதும் நியாயமாகாது. பத்திரம் நீளமானது, சட்டத்தின் நடையில் அமைந்தது, பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளது. ஏற்காவிடில் வெளியே போ என்ற மிரட்டலும் அதன் பின்னால் நிற்கிறது. 2021-ஆம் ஆண்டு நிபந்தனை மாற்றத்தில் இத்தகைய வற்புறுத்தல் இருந்ததென்று கண்ட இந்தியப் போட்டி ஆணையம், 2024 நவம்பரில் மெட்டா நிறுவனத்துக்கு 213 கோடியே 14 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனம் மேல்முறையீட்டுக்குச் சென்றது. அது எவ்வாறாயினும், வேறு வழியில்லாதவன் அளிக்கும் சம்மதம் சம்மதமாகுமா என்ற கேள்வி சட்டத்தின் முன் எழுந்துவிட்டது.

அக்கேள்விக்கு இந்நாட்டில் அடிப்படை இல்லாமல் இல்லை. கர்நாடக உயர்நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி, ஆதார் திட்டத்தை எதிர்த்து 2012-இல் வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கில் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், 2017 ஆகஸ்ட் 24 அன்று, தனியுரிமை குடிமக்களின் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அதனைத் தொடர்ந்து 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. இந்நாட்டு மக்களுக்குப் பொருளோ சேவையோ அளிக்கும் அயல்நாட்டு நிறுவனங்களையும் அது கட்டுப்படுத்தும். சம்மதம் என்பது வற்புறுத்தலின்றி, குறித்த நோக்கத்துக்காக, விவரம் அறிந்து, நிபந்தனையின்றி, ஐயத்துக்கு இடமின்றி அளிக்கப்பட வேண்டும் என்கிறது. கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருத்தல் வேண்டும் என்கிறது. பதினெட்டு வயது நிரம்பாதவர்களின் விவரங்களுக்குப் பெற்றோரின் சம்மதம் தேவை என்கிறது.

வெளி மாநிலத் தமிழர்களாகிய நாம் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய பகுதி ஒன்று உண்டு. சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் எதிலேனுமோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்று இச்சட்டம் விதிக்கிறது. நாம் எந்த மாநிலத்தில் குடியிருக்கிறோம் என்பதற்கு இங்கு இடமே இல்லை. புனேயில் வாழும் மூதாட்டியும் ஜாம்ஷெட்பூரில் உழைக்கும் தொழிலாளியும் தமிழில் கேட்கலாம். ரயில் நிலையத்திலும் ரேஷன் கடையிலும் அவ்வூர் மொழிக்குப் பழகிக்கொண்ட நமக்கு, இது சிறிய உரிமை அன்று.

சட்டத்தில் குறை இல்லையென்று கூற முடியாது. அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் இருப்பதைப் பலர் கண்டித்திருக்கிறார்கள். விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வருமென அவ்விதிகள் கூறுகின்றன. தவிரவும், கேட்பாரற்ற உரிமை ஏட்டுச் சுரைக்காயே. தமிழ் அறிவிப்பை எவரும் திறந்து படிக்கவில்லையென்றால், அது பெயரளவில் மொழிபெயர்க்கப்பட்டு மூலையில் கிடக்கும். அத்தகைய மொழிபெயர்ப்பு எவ்வாறு இருக்கும் என்பதை என் போன்றோர் நன்கு அறிவோம்.

ஆகவே நாம் செய்யத்தக்கவை சில. புதிய செயலி தொடர்பு எண்களைக் கேட்டால், அதன் வேலைக்கு அவை தேவைதானா என்று ஒரு கணம் நின்று யோசிப்போம். இருப்பிடத்தை அறியும் அனுமதியைப் பயன்படுத்தும் நேரத்துக்கு மட்டும் அளிப்போம். ஆதார் நகலும் ஜாதகமும் இருபது பேர் கொண்ட குழுவில் போட வேண்டியவை அல்ல. உரியவருக்குத் தனியே அனுப்ப வேண்டியவை. பயன்படுத்தாத செயலிகளின் கணக்கை மூடுவோம். ஊரிலுள்ள பெரியோர்க்குப் புதிய கைப்பேசி வாங்கிக் கொடுக்கும் பிள்ளைகள், அதிலுள்ள அனுமதிகளையும் அவர்களுக்கு வாசித்துக் காட்டுவார்களாக.

செயலி எவருடையதாயினும் ஆகுக. அதில் செல்லும் செய்தி நம்முடையது, நம்மை நம்பியவர்களுடையது. அட்டைக்கும் உறைக்கும் வேறுபாடு அறிந்து எழுதிய தலைமுறையின் பிள்ளைகள் நாம். அந்த விவேகம் கைப்பேசிக்கும் போதுமானதே. படித்துப் பார்த்து, புரியாததைக் கேட்டு, பின்னர் விரலை வைப்போமாக.