ரேடியோ மாமியாரும் ஒரு கோப்பைத் தேத்தண்ணியும்

(தோட்ட மாதர் சங்கக் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே தரப்படுகிறது.)



தலைவி அம்மா என்னை அறிமுகப்படுத்தும்போது "இவங்க ஒரு பெரிய கலைஞர்" என்று சொன்னாங்க. அந்தப் "பெரிய"வை எடுத்துவிடுங்க. நான் ரேடியோ நாடகத்தில் மாமியாராக வந்தவள். அவ்வளவுதான். அதுவும் நல்ல மாமியார் இல்லை. மருமகளுக்குச் சோறு போடாத மாமியார்.

அப்போது எனக்கு வயது இருபத்திரண்டு. கல்யாணம் ஆகவில்லை. மைக்குக்கு முன்னால் நின்றால் அறுபது வயது. ரேடியோவில் அது ஒரு வசதி. முகத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? குரலைக் கொஞ்சம் கீழே இறக்கி, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் ஒரு பெருமூச்சு விட்டால் மாமியார் தயார்.

நான் லயத்தில் பிறந்து, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்து, கொழும்புக்கு டைப் அடிக்கிற வேலைக்குப் போனவள். ரேடியோ சிலோன் 1967 இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆகிவிட்டது. ஆனால் எங்கள் ஆட்களுக்கு அது எப்போதும் ரேடியோ சிலோன்தான். அங்கே குரல் தேர்வுக்குப் போனேன். எடுத்தார்கள். வாரம் ஒருநாள் ஒலிபரப்பாகும் தொடர் நாடகம் ஒன்றில் போட்டார்கள்.

இந்த மாதிரித் தொடர்களுக்கு இங்கிலீஷில் "சோப் ஒபரா" என்று பேர். சவர்க்கார நாடகம்! ஏன் தெரியுமா? 1930களில் அமெரிக்காவில் பகல் நேரத்தில் வீட்டிலிருக்கும் பெண்களுக்காக ரேடியோவில் தொடர்கதை போட்டார்கள். அதற்குக் காசு கொடுத்தவை சவர்க்காரக் கம்பெனிகள். உடுப்புக் கழுவுகிறவள் கேட்பாள், கேட்டுவிட்டு எங்கள் சவர்க்காரத்தை வாங்குவாள் என்று கணக்குப் போட்டார்கள். ஆக, கதாநாயகி அழுததெல்லாம் நம்ம துணி வெளுக்கத்தான்.

ஸ்டூடியோவுக்குள் நடக்கிறதைப் பார்த்தால் யாருக்கும் அழுகை வராது. சிரட்டை இரண்டைத் தட்டினால் குதிரை ஓடும். சுளகில் பயறைப் போட்டு உருட்டினால் மழை பெய்யும். தாளைக் கசக்கினால் வீடு தீப்பற்றி எரியும். பிள்ளை அழுகிற சத்தத்துக்கு ஒரு அம்மா இருந்தாங்க. கையில் பெரிய பை, மூக்குக் கண்ணாடி, பேரப்பிள்ளைகூட உண்டு. மைக்குக்கு முன்னால் வந்து "ங்கா... ங்கா..." என்று அழுதுவிட்டு, கையெழுத்துப் போட்டுக் காசை வாங்கிக்கொண்டு பஸ் பிடிக்கப் போய்விடுவாங்க.

ஒருமுறை தோட்டத்துக் காட்சி ஒன்று வந்தது. தயாரிப்பாளர் என்னைப் பார்த்து, "நீங்க தோட்டத்துப் பிள்ளைதானே, கொழுந்து பறிக்கிற சத்தம் எப்படி இருக்கும்?" என்று கேட்டார். "கொழுந்து பறித்தால் சத்தம் வராதுங்க சார், கங்காணி சத்தம்தான் வரும்" என்றேன். அவர் கேட்கவில்லை. சந்தைக்கு ஆள் அனுப்பி ஒரு கட்டுப் பொன்னாங்காணிக் கீரை வாங்கி, மைக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பிய்க்கச் சொன்னார். அந்த வாரம் இலங்கை முழுவதும் கேட்டது கீரை ஆய்கிற சத்தம். ஒலிப்பதிவு முடிந்ததும் கீரையை நான்தான் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுண்டினேன்.

லீவுக்கு ஊருக்கு வந்தால் வேறு தொல்லை. ஹட்டனில் ஒரு கடையில் "அரை றாத்தல் சீனி குடுங்க" என்று கேட்டதுதான் தாமதம், பக்கத்தில் நின்ற ஆச்சி என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. குரல் காட்டிக் கொடுத்துவிட்டது. "ஏண்டி, அந்தப் புள்ளைக்கு ஏன் சோறு போடல?" என்று கேட்டாங்க. "அடுத்த வாரம் போட்டுருவேன் ஆச்சி" என்று சொல்லித் தப்பினேன். என்னைப் பெண் பார்க்க வந்த இடத்திலும் இதே கதை. மாப்பிள்ளையின் அம்மா என் குரலைக் கேட்டதும் கையிலிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டாங்க. மாமியாருக்குப் பயப்படுகிற மருமகளைப் பார்த்திருப்பீர்கள். என் விஷயத்தில் மாமியார்தான் பயந்தாங்க.

சிரிக்கிறீங்க. நல்லது. இனி சிரிக்க முடியாத ஒன்றைச் சொல்லப் போறேன்.

1979 தீபாவளி. லீவில் வீட்டில் இருந்தேன். அன்று மாலை என் நாடகம் ஒலிபரப்பாகிற நேரம். முன்பே பதிவு செய்தது. எங்கள் காம்பராவில் நிற்க இடமில்லை. டிரான்சிஸ்டர் ரேடியோவின் பெட்டரியை அப்பா காலையிலிருந்தே வெயிலில் காயவைத்து எடுத்திருந்தார். லயத்தில் இருந்த அத்தனை பேரும் சுற்றி உட்கார்ந்திருக்க, நடுவில் நான் ராணி மாதிரி.

அப்போது பக்கத்துக் காம்பரா அக்கா வாசலில் வந்து நின்றாங்க. உள்ளே வரவில்லை. "தங்கச்சி, கொஞ்சம் பேசணும்" என்றாங்க. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நாடகம் முடியட்டும் அக்கா, அப்புறம் பேசலாம்" என்றேன். கொஞ்ச நேரம் நின்றாங்க. போயிட்டாங்க. நாடகம் முடிந்தது, பலகாரம் சாப்பிட்டோம், சிரித்தோம். எனக்கு அவங்க நினைவே வரவில்லை.

அன்று இரவு அந்த அக்கா தன் உயிரை முடித்துக்கொள்ளப் பார்த்தாங்க. தோட்டத்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். கடவுள் புண்ணியம், பிழைத்துக்கொண்டாங்க. நான் பார்க்கப் போனேன். என்ன பேசுவது என்று தெரியாமல் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். அவங்க என்னைப் பார்த்தாங்க. கோபம் இல்லை. மெல்லிய குரலில் ஒன்றுதான் கேட்டாங்க.

"ஒன் நாடகம் முடிஞ்சிருச்சா தங்கச்சி?"

எத்தனையோ வசனம் பேசியிருக்கிறேன். அதற்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு வசனமும் வரவில்லை.

இதை அந்த அக்காவிடம் அனுமதி வாங்கித்தான் சொல்றேன். "பேரைச் சொல்லாத, கதையைச் சொல்லு" என்றாங்க. நான் அன்றைக்குப் பேசியிருந்தால் அப்படி நடந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. ஒருத்தர் அந்த நிலைக்கு வருவதற்குக் காரணம் ஒன்று இரண்டல்ல. ஆனால் வாசலில் வந்து நின்றவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைக்க என்னால் முடிந்திருக்கும். அது என் கையில் இருந்தது.

கொழும்புக்குத் திரும்பிய பிறகு, அடுத்த வருஷம், மனவேதனையில் இருப்பவர்கள் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்கும் தொண்டு நிலையம் ஒன்றில் சேர்ந்தேன். சம்பளம் கிடையாது. இந்த வேலை எங்கே தொடங்கியது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் அதில் உங்கள் கூடையும் இருக்கிறது.

லண்டனில் சாட் வாரா என்று ஒரு பாதிரியார். இளம் வயதில் அவர் நடத்திவைத்த அடக்கங்களில் ஒன்று ஒரு சிறுமியுடையது. அந்தப் பிள்ளைக்கு மாதவிலக்கு வந்திருக்கிறது. அது என்னவென்று சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. ஏதோ கெட்ட வியாதி என்று பயந்து உயிரை விட்டுவிட்டாள். கேட்க ஒரு ஆள் இருந்திருந்தால் போதும். அது அவர் மனதை விட்டுப் போகவேயில்லை. 1953 இல் தன் தேவாலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்து, "சாக நினைப்பவர்கள் என்னோடு பேசுங்கள்" என்று அறிவித்தார். ஆட்கள் வந்து குவிந்தார்கள். வரிசையில் காத்திருப்பவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கச் சில தொண்டர்கள் வந்தார்கள். படிப்பு, பட்டம் ஒன்றுமில்லாத சாதாரண ஆட்கள்.

அங்கேதான் அதிசயம். தேத்தண்ணி குடித்துக்கொண்டே தொண்டர்களோடு பேசியவர்களில் நிறையப் பேர், "இனிப் பாதிரியாரைப் பார்க்க வேண்டியதில்லை, மனசு லேசாயிருச்சு" என்று வீட்டுக்குப் போய்விட்டார்கள். பாதிரியார் கெட்டிக்காரர், புரிந்துகொண்டார். 1954 பெப்ரவரியில் கேட்கிற வேலையைத் தொண்டர்கள் கையிலேயே ஒப்படைத்தார். அதுதான் சமாரிட்டன்ஸ் இயக்கம். அதே வழியில் நம் நாட்டில் 1974 இல் சுமித்ரயோ தொடங்கப்பட்டது.

அந்தக் காலத்தில் இங்கிலாந்துக்கு இலங்கைத் தேயிலை கப்பல் கப்பலாகப் போன காலம். அந்தக் கோப்பையில் இருந்த கொழுந்து எந்த மலையிலிருந்து போனதோ, யாருடைய பாட்டி பறித்ததோ! யாருக்குத் தெரியும்?

சரி, என் பயிற்சிக்கு வருவோம். நடிகை அல்லவா, எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்தேன். முதல் நாள் ஒத்திகை. ஒருவர் கஷ்டப்பட்டவராக நடிப்பார், நான் கேட்க வேண்டும். அவர் இரண்டு வார்த்தை சொன்னதும் எனக்கு அழுகை பொங்கிவிட்டது. மூக்கை உறிஞ்சி, பெருமூச்சு விட்டு, முழு நாடகமே போட்டுவிட்டேன். பயிற்சி தந்த அம்மா நிறுத்தச் சொன்னாங்க. "மகள், நீங்க அழாதீங்க. அழ வேண்டியது அவங்க. இது அவங்க நாடகம், இதில் உங்களுக்கு வசனம் கிடையாது" என்றாங்க.

அடுத்த தொல்லை மௌனம். ரேடியோவில் ஐந்து விநாடி சத்தம் இல்லாவிட்டால் எல்லோரும் பதறுவார்கள். அந்தப் பழக்கத்தில், எதிரில் இருப்பவர் பேச்சை நிறுத்தினால் நான் உடனே எதையாவது போட்டு நிரப்பிவிடுவேன். அது தப்பு என்று கற்றுக்கொள்ள எனக்குப் பல மாதம் பிடித்தது. ஒரு ஆள் பேசாமல் இருக்கும்போதுதான், சொல்ல முடியாததை எப்படிச் சொல்வது என்று தேடுகிறார். நாம் வாயைத் திறந்தால் அவர் தேடியது ஓடிப்போகும்.

அங்கே என்னிடம் பேசியவர்கள் சொன்னதில் ஒரு வார்த்தைகூட இங்கே சொல்லமாட்டேன். அது கொடுத்த வாக்கு. ஆனால் அங்கே கற்றதை உங்களுக்குச் சொல்லலாம். இது லயத்திலும் செய்யக்கூடியது.

ஒருத்தர் "கொஞ்சம் பேசணும்" என்றால் டீவியை நிறுத்துங்க, போனைக் கீழே வையுங்க. லயத்துச் சுவருக்குக் காது உண்டு, அதனால் பீலிக்கரைக்கோ மலைக்கு நடக்கிற பாதைக்கோ கூட்டிப்போங்க. "இதெல்லாம் ஒரு கவலையா?" என்று கேட்காதீங்க. "எனக்கு வந்ததைப் பார்த்தா..." என்று உங்கள் கதையைத் தொடங்காதீங்க. புத்திமதி சொல்ல நாக்கு துடிக்கும், கடித்துக்கொள்ளுங்க. கேட்டதைப் பெரட்டுக் களத்தில் பரப்பாதீங்க.

சந்தேகம் வந்தால் நேராகவே கேளுங்க. "செத்துப்போகலாம்னு தோணுதா?" என்று கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்று பயப்படுகிறோம். அப்படி இல்லை. கேட்டால் அவங்களுக்கு ஒரு கதவு திறக்கும். "ஆமா" என்று சொன்னால் தனியே விடாதீங்க. அந்த நேரம் ரகசியம் என்று பார்க்காமல் நம்பிக்கையான ஒருவரைத் துணைக்குக் கூப்பிடுங்க. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்க. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் தமிழிலும் பேசலாம்.

புல்லுக்கு அடிக்கிற மருந்து, பூச்சி மருந்து எதையும் வீட்டில் வைக்காதீங்க. வைக்கத்தான் வேண்டுமென்றால் பூட்டி வையுங்க. இது சின்ன விஷயம் இல்லை. 1995 இல் நம் நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் இப்படி உயிரைவிட்டார்கள். உலகத்திலேயே முன்வரிசை. அதே வருஷம் மிகக் கடும் நச்சு மருந்துகள் தடைசெய்யப்பட்டன. 1998 இல் எண்டோசல்ஃபான், 2008 முதல் 2011 வரைக்குள் படிப்படியாகப் பராகுவாட். 2015 ஆகும்போது அந்தக் கணக்கு ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்திருந்தது. ஆபத்தான அந்த ஒரு மணிநேரம் கையில் நஞ்சு அகப்படாவிட்டால் ஆள் பிழைத்துக்கொள்கிறார். பிழைத்தவர்களில் பெரும்பாலானோர் பிறகும் வாழ்கிறார்கள்.

இன்னொன்று. உயிரை விட முயல்வது 1998 வரை சட்டப்படி குற்றமாக இருந்தது. அதனால் பொலிசுக்குப் பயந்து மறைத்தோம். இன்று அது குற்றம் அல்ல. பயம் வேண்டாம், வெட்கமும் வேண்டாம்.

பக்கத்துக் காம்பரா அக்காவுக்கு இன்று பேரப்பிள்ளைகள் ஐந்து பேர். நான் ஊருக்கு வந்தால் முதலில் அங்கேதான் போவேன். இப்போது அவங்க பேசிக்கொண்டே இருக்காங்க, நான் கேட்டுக்கொண்டே இருக்கேன். சில நேரம் இரண்டு மணித்தியாலம். அதில் முக்கால்வாசி மருமகளைப் பற்றித்தான். "அந்தப் புள்ளைக்குச் சோறு போட்டீங்களா அக்கா?" என்று நான் கேட்பேன். அவங்க சிரிப்பாங்க.

பின்னால் தேத்தண்ணி தயாராகிவிட்டது, வாசம் வருகிறது. ஒரு வேண்டுகோள். கோப்பையை வாங்கிக்கொண்டு வழக்கமாகப் பேசுகிறவரிடம் போகாதீங்க. தனியாக உட்கார்ந்திருப்பவர் யாரென்று பார்த்து அவர் பக்கத்தில் உட்காருங்க. "எப்படி இருக்கீங்க?" என்று கேளுங்க. கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டு இருங்க.