துளை போடுமுன் கடலின் கணக்கை எழுது!

(கடற்கரைக் கிராமமொன்றில் மீனவர் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் முக்கிய பகுதிகள்)



"எண்ணெய் இருக்கிறதா என்று தேடத்தானே போகிறார்கள்? எடுக்கப் போவதில்லையே! அதற்குள் ஏன் இத்தனை கூச்சல்?" என்று நம்மைக் கேட்கிறார்கள். கேட்பதற்கு நியாயம் போலத்தான் இருக்கிறது. ஆகவே இதற்கே முதலில் பதில் சொல்லிவிடுவோம்.

2010 ஏப்ரல் 20-ந் தேதி இரவு மெக்ஸிகோ வளைகுடாவில் வெடித்த கிணறு, எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்த கிணறு அல்ல, தேடிய கிணறு. டீப்வாட்டர் ஹொரைசன் என்ற துளையிடும் மேடை எரிந்து மூழ்கியது. பதினொரு தொழிலாளர்கள் மாண்டார்கள். சுமார் 1,500 மீட்டர் ஆழத்தில் திறந்துகொண்ட வாயிலிருந்து 87 நாள் எண்ணெய் கொட்டியது. கிணறு இருந்த இடம் கரையிலிருந்து அறுபது கிலோமீட்டருக்கும் அப்பால். ஆனாலும் ஐந்து மாநிலங்களின் கரைகளில் எண்ணெய் ஒதுங்கிற்று. 1979-ல் அதே வளைகுடாவில், மெக்ஸிகோ நாட்டின் பக்கம் வெடித்த இக்ஸ்டாக் கிணறும் தேடிய கிணறுதான். ஜூன் மாதம் வெடித்ததை மறு வருஷம் மார்ச்சில்தான் அடைக்க முடிந்தது.

இன்னொரு சங்கதியும் உண்டு. 2010-ல் வெடித்த அந்தக் கிணற்றுக்கு, விரிவான சுற்றுச்சூழல் ஆய்வு தேவையில்லை என்று அமெரிக்க சர்க்காரின் இலாகா 2009-ல் விலக்குக் கொடுத்திருந்தது. எண்ணெய் கொட்டினால் என்ன செய்வோம் என்று கம்பெனி எழுதிக்கொடுத்த திட்டத்தில், காப்பாற்ற வேண்டிய பிராணிகளின் பட்டியலில் வால்ரஸும் இருந்தது. வால்ரஸ் பனிக்கடலில் வாழ்வது. மெக்ஸிகோ வளைகுடாவில் ஒன்றுகூடக் கிடையாது! வேறெங்கோ எழுதியதை அப்படியே கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார்கள். வாங்கிய அதிகாரி படித்துப் பார்க்கவும் இல்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். பெரிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு வேண்டும் என்ற அறிவிக்கை 1994-ல் வந்தது. ஜனங்களைக் கேட்க வேண்டும் என்ற ஷரத்து 1997-ல் சேர்ந்தது. இன்றைக்கு நடப்பில் இருப்பது 2006-ம் வருஷத்து அறிவிக்கை. அதன்படி எண்ணெய், எரிவாயு தேடுவது 'ஏ' வகையில் இருந்தது. அதாவது டில்லியில் நிபுணர் குழு பரிசீலிக்க வேண்டிய வகை. 2020 ஜனவரி 16-ந் தேதி ஒரு திருத்தம் போட்டு, தரையிலானாலும் கடலிலானாலும் தேடும் வேலை முழுவதையும் 'பி-2' என்ற வகைக்குத் தள்ளிவிட்டார்கள். பி-2 என்றால் மதிப்பீட்டு அறிக்கையும் வேண்டாம், மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டமும் வேண்டாம். எண்ணெய் கிடைத்து எடுக்கத் தொடங்கும்போதுதான் அவை வரும். கோடி கோடியாய்ப் பணத்தைக் கடலில் இறக்கிவிட்ட பிறகு, "வேண்டாம்" என்று சொல்பவனை எவன் கேட்பான்?

அதே 2020-ல் வந்த புதிய அறிவிக்கையின் நகல் இன்னும் ஒரு படி மேலே போனது. பன்னிரண்டு கடல் மைலுக்கு அப்பால் உள்ள கடல் திட்டம் எதற்கும் மக்களைக் கேட்க வேண்டியதில்லை என்றது. பன்னிரண்டு மைல் என்பது இருபத்திரண்டு கிலோமீட்டர். நம் படகுகள் அதைத் தாண்டிப் போவதில்லையா? மெக்ஸிகோ வளைகுடாவில் எண்ணெய் பன்னிரண்டு மைலில் நின்றதா?

கருத்துக் கேட்கும் கூட்டம் என்றால் என்னவென்று இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முப்பது நாள் முன்னதாக அறிவிப்புத் தர வேண்டும். கலெக்டரோ அவர் அனுப்பும் அதிகாரியோ தலைமை வகிப்பார். மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும். பேசுவது அனைத்தும் படமாகப் பதிவாகும். கை தூக்கி ஓட்டெடுப்பு கிடையாது. நாம் வேண்டாம் என்றால் திட்டம் நின்றுவிடும் என்பதும் கிடையாது. ஆனால் நாம் கேட்கும் கேள்வி ரிக்கார்டில் ஏறுகிறது. கம்பெனி தன் இறுதி அறிக்கையில் அதற்குப் பதில் எழுதியாக வேண்டும். பின்னால் கோர்ட்டுக்குப் போனால் அந்தத் தாள்தான் நம் சாட்சி.

அறிக்கை என்று ஒன்று வந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. கம்பெனி பணம் கொடுத்து அமர்த்தும் ஆலோசகர்தான் அறிக்கை எழுதுகிறார். மழைக்காலம் நீங்கலாக ஒரு பருவத்துத் தகவல் இருந்தால் பொதுவாகப் போதும் என்கிறார்கள். நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன் குஞ்சு பொரிக்கும் காலமென்று சர்க்காரே படகுகளைக் கட்டிப்போடுகிறது. அறுபத்தோரு நாள் நம் அடுப்பு எரியாமல் காத்த கடலை, வேறு பருவத்தில் அளந்துவிட்டு "பாதகமில்லை" என்று எழுதினால் என்ன அர்த்தம்?

தேடும் வேலை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். துளை போடுமுன்பே ஒரு கப்பல் வரும். காற்றை அமுக்கி வெடிக்கும் குழாய்களைப் பின்னால் இழுத்துக்கொண்டு, சில விநாடிகளுக்கு ஒரு தடவை, இராப்பகலாக வெடித்துக்கொண்டே போகும். கடலடிப் பாறையில் பட்டுத் திரும்பும் ஓசையைக் கேட்டு எண்ணெய் இருக்கும் இடத்தைக் கணிக்கிறார்கள். நார்வே நாட்டு விஞ்ஞானிகள் பேரன்ட்ஸ் கடலில் இதைச் சோதித்து 1996-ல் வெளியிட்டார்கள். வெடித்த இடத்திலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல் வரை காட், ஹாடக் மீன்களின் பாடு ஏறக்குறைய பாதியாய்க் குறைந்தது. வெடிப்பது நின்று ஐந்து நாளாகியும் பழைய நிலைக்கு வரவில்லை. ஐந்து நாள் டீசல் போட்டு வெறுங்கையோடு திரும்புவது என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிறகு துளையிடும் மேடை வரும். மேடையைச் சுற்றி 500 மீட்டருக்குள் படகு வரக்கூடாது. துளையிடும்போது எழும் கல்தூளும் சேறும் கடலடியில் படியும்.

இதில் மீனவனுக்கு ஏற்படும் பெரிய சங்கடம் எது? நஷ்டத்தை நிரூபிப்பது. 2009 ஆகஸ்டில் ஆஸ்திரேலியக் கடலில் மான்டாரா என்ற கிணறு வெடித்து, பத்து வாரத்துக்கு மேல் எண்ணெய் கொட்டிற்று. அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இந்தோனேசியக் கரையில் கடற்பாசி வளர்த்த ஏழை ஜனங்களின் பாசி அழிந்தது. எங்கள் எண்ணெய் அங்கே போகவில்லை என்று சாதித்தது கம்பெனி. ஆயிரக்கணக்கான பாசி விவசாயிகளுக்காக 2016-ல் வழக்குப் போட்டு, 2021-ல் தீர்ப்பாகி, 2022-ல்தான் நஷ்ட ஈட்டுக்குக் கம்பெனி ஒப்புக்கொண்டது. எண்ணெய் வருமுன் அந்தக் கரை எப்படி இருந்தது, எவ்வளவு பாசி விளைந்தது என்பதை ஏழைகள்தான் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டியிருந்தது. முன்கூட்டி எழுதிய கணக்கு இல்லாவிட்டால் கடல் ஊமைதான்.

நம் பக்கத்திலும் பாசி எடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் தேசியப் பூங்கா என்றார்கள். 1989-ல் மன்னார் வளைகுடாவில் 10,500 சதுர கிலோமீட்டரை உயிர்க்கோளக் காப்பகம் என்றார்கள். கடல் பசுவும் பவழப் பாரும் காக்கப்பட வேண்டியவை, சந்தேகமில்லை. தீவில் கால் வைக்காதே என்று பாசி எடுக்கும் தாய்மாரைத் தடுக்கும் சர்க்கார், 2025 பிப்ரவரியில் காவேரிப் படுகையின் ஆழ்கடலில் சுமார் 10,000 சதுர கிலோமீட்டரை எண்ணெய் தேடுவோருக்கு ஏலத்தில் வைத்ததே, அது எந்த நியாயம்? 2020 திருத்தத்தை எதிர்த்து அன்றைய முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். 2025 ஏலத்தை எதிர்த்து, வேறு கட்சியைச் சேர்ந்த முதலமைச்சரும் எழுதினார். கடிதத்தோடு நிற்கும் விஷயமா இது?

எண்ணெயே வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. 1956-ல் பொதுத்துறையில் எண்ணெய்க் கமிஷன் அமைந்து, சோவியத் நிபுணர்களின் ஒத்தாசையோடு 1958-ல் காம்பேயிலும் 1960-ல் அங்க்லேஷ்வரிலும் எண்ணெய் கண்டதை நாடு பெருமையோடு வரவேற்றது. நாமும் வரவேற்கிறோம். ஆனால் பொதுத்துறை என்பதால் பொது ஜனங்களுக்குப் பதில் சொல்லக் கடமை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. 2005 ஜூலை 27-ந் தேதி பம்பாய் ஹை மேடையில் துணைக்கப்பல் மோதித் தீப்பிடித்து 22 பேர் பலியானார்கள். மேடையில் வேலை செய்கிறவனும் நம்மைப் போன்ற தொழிலாளிதான். அபாயத்தை முன்கூட்டிக் கணக்கிட வேண்டுமென்று நாம் கேட்பது அவன் உயிருக்கும் சேர்த்துத்தான்.

2020 திருத்தத்தை வாபஸ் வாங்கு. தேடும் கட்டத்திலேயே மதிப்பீடு செய். எத்தனை மைலானாலும் கடலோரக் கிராமங்களில் கூட்டம் நடத்து. சுருக்கத்தை மட்டுமல்ல, முழு அறிக்கையையும் தமிழில் கொடு. இந்தக் கோரிக்கைகளோடு கையெழுத்து இயக்கம் தொடங்குகிறது.

சர்க்கார் எழுதும்வரை நாம் காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு படகுக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் போடுவோம். தேதி, எந்தப் பாரில் வலை போட்டோம், என்ன வலை, என்ன மீன், எத்தனை கிலோ, ஏலத்தில் என்ன விலை. பாசி எடுக்கும் தாய்மாரும் தனியாக ஒரு நோட்டுப் போடட்டும். மாதக் கடைசியில் சங்கக் காரியதரிசி எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டு, ஒரு நகலைச் சங்க அலமாரியில் வைப்பார். நோட்டுகள் வாசலில் இருக்கும் மேசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன. போகும்போது படகுக்கு ஒன்று எடுத்துச் செல்லுங்கள்.